காற்றின் விலை: எயார்பிரஷ் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு சிறு வரலாறு

பிளாஸ்ரிக் மொடல் கட்டுகிற ஆட்கள் எல்லாரும் எப்போதோ ஒரு நாள் வந்து நிற்கிற இடம் ஒன்று இருக்கிறது. இரண்டு மூன்று விமானம், ஒரு தாங்கி, ஒரு கப்பல் கட்டி முடித்திருப்பார்கள். ஒட்டுகிற வேலை கைக்கு வந்துவிடும். ஆனால் தூரிகையால் பெயின்ற் அடித்த செட்டையில் கோடு கோடாகத் தடம் விழுந்து, அது விமானம் மாதிரி இல்லாமல் பெயின்ற் பூசின பிளாஸ்ரிக் மாதிரியே தெரியும். "சரி, எயார்பிரஷ் ஒண்டு வாங்குவம்" என்று இணையத்தில் தேடத் தொடங்கினால் தலை சுத்தும். சிங்கிள் அக்சன், டபுள் அக்சன், கிராவிற்றி பீட், சைபன் பீட், 0.2, 0.3, 0.5, பிஸ்ரன், டயபிரம், ராங்கி உள்ளது, ராங்கி இல்லாதது. ஒரே மாதிரித் தெரிகிற இரண்டு பேனாவுக்கு நடுவில் பத்து மடங்கு விலை வித்தியாசம்.

இந்தச் சொற்களை விற்பனைக்காரர் நேற்றுக் கண்டுபிடிக்கவில்லை. ஒவ்வொரு சொல்லும் நூறு, நூற்றி நாற்பது வருடத்துக்கு முந்தைய ஏதோவொரு சிக்கலுக்கு யாரோ ஒருவர் கொடுத்த விடை. சிக்கல் என்ன என்று தெரிந்தால் விடை தானாக விளங்கும். எதுக்குக் காசு குடுக்க வேணும், எதுக்குக் குடுக்கத் தேவையில்லை என்பதும் விளங்கும். அதனால் இந்தக் கட்டுரை பாதி வரலாறு, பாதி கடைக்குப் போகிறவருக்கான குறிப்பு. இரண்டையும் பிரிக்க நினைக்கவில்லை.

கரண்டி, ஊசி, ஒரு பம்ப்

1876இல் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த பிரான்சிஸ் எட்கர் ஸ்ரான்லி என்பவர் நிறத்தைத் துளித்துளியாக்கி ஊதுகிற கருவி ஒன்றுக்குக் காப்புரிமை எடுத்தார். பின்னாளில் தன் இரட்டைச் சகோதரருடன் சேர்ந்து நீராவிக் கார் செய்து பெயர் எடுத்தவர் அவர்தான். அவருடைய ஊதியால் யாரும் படம் வரைந்ததாகத் தடயம் இல்லை.

படம் வரைவதற்கென்றே கருவி செய்தவர் அயோவா மாநிலத்தைச் சேர்ந்த அப்னர் பீலர். 1870களின் கடைசியில் அவர் செய்த முதல் கருவி கரண்டி, தையல் ஊசி, வளைத்த குழாய், மரக்கட்டை என்று கையில் கிடைத்ததை வைத்து உருவாக்கியது. காற்றுக்குக் கைப்பம்ப். அதை வாங்கிச் செம்மைப்படுத்தி, 1880களில் "எயார்பிரஷ்" என்ற பெயரோடு சந்தைக்குக் கொண்டு வந்தவர் இலினோய் மாநிலத்தின் றொக்போர்ட் நகரத்து லிபர்ட்டி வோக்கப். கருவியை விற்றதோடு நிற்காமல், அதைப் பாவிக்கச் சொல்லிக் குடுக்கிற பள்ளிக்கூடத்தையும் அதே ஊரில் நடத்தினார்கள். கருவி விக்க வேண்டுமென்றால் பழக்கவும் வேண்டும் என்பது அப்போதே தெரிந்திருக்கிறது.

யாருக்காக இந்தக் கருவி? ஓவியர்களுக்கு என்று நினைப்போம். உண்மையில் அதன் முதல் சோறு புகைப்பட ஸ்ரூடியோக்களில்தான். அந்தக் காலத்தில் முகப்படத்தைப் பெரிதாக்கினால் வெளிறி, சப்பென்று வரும். அதற்கு மேல் கரியும் நீர்வண்ணமும் வைத்து மூக்கையும் கன்னத்தையும் திரும்ப எடுத்துக் குடுக்க ஆள் வேணும். கன்னத்தின் வெளிச்சம் நிழலாக மாறுகிற இடத்தில் கோடு கிடையாது. தூரிகையோ கோடு போடும். கோடு இல்லாமல் நிறம் மாற வேணும் என்பதுதான் எயார்பிரஷ் பிறந்த காரணம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மொடலுக்கு வரும்போது இதே காரணம் திரும்ப வரும்.

உள்ளே கலப்பதா, வெளியே கலப்பதா

பீலர், வோக்கப் காலத்துக் கருவியில் ஊசி நுனியில் ஒட்டுகிற நிறத்தைப் பக்கத்தால் வருகிற காற்று ஊதித் தள்ளும். நுட்பமான வேலை செய்யலாம், ஆனால் கருவி சிக்கலானது, கைக்கு அடங்காதது. 1890களின் தொடக்கத்தில் சார்ள்ஸ் பேர்டிக் இதை மாற்றினார். பேனா மாதிரி ஒரு உடல். நடுவில் நீளமாக ஊசி, ஊசியைச் சுற்றிக் கூம்பு முனை. ஊசி முன்னுக்கு இருந்தால் ஓட்டை அடைபடும், பின்னுக்கு இழுத்தால் நிறம் வரும். காற்று அந்த முனையைச் சுற்றி ஓடி, நிறத்தை இழுத்துத் தூளாக்கும். 1893இல் சிக்காகோவில் நடந்த பெரிய உலகக் கண்காட்சியில் தேயர் அன்ட் சான்ட்லர் என்ற கலைப்பொருள் நிறுவனம் இதைக் காட்சிக்கு வைத்தது. பேர்டிக் பின்னர் இங்கிலாந்துக்குப் போய் அங்கே "ஏரோகிராப்" என்ற பெயரில் தொழில் நடத்தினார்.

இன்றைக்கு நீங்கள் எந்த எயார்பிரஷைக் கழற்றிப் பார்த்தாலும், மலிவானதோ விலை கூடியதோ, உள்ளே இருப்பது இதே ஊசி, இதே கூம்புதான். 130 வருடமாக அடிப்படை மாறவில்லை. மாறியது எல்லாம் ஊசியும் முனையும் எவ்வளவு துல்லியமாகக் கடையப்பட்டிருக்கின்றன என்பதுதான். விலை வித்தியாசத்தின் பெரும்பகுதி அந்த இரண்டு சின்னத் துண்டுகளில்தான் இருக்கிறது.

சிக்காகோவைச் சுற்றியே மிச்சக் கதையும் நடந்தது. நோர்வேயிலிருந்து வந்த ஜென்ஸ் பாஷே 1904இல் அங்கே தன் நிறுவனத்தைத் தொடங்கினார். பாஷே எச் என்ற மொடலில் காற்றும் நிறமும் கருவிக்கு வெளியேதான் சந்திக்கும். விசையை அமத்தினால் காற்று வரும், நிறத்தின் அளவை முன்னாலே உள்ள கூம்பைத் திருகி வைக்க வேணும். இதுதான் சிங்கிள் அக்சன், வெளிக்கலப்பு. முரட்டுக் கருவி, நுண்ணிய கோடு வராது, ஆனால் அடைபடாது, கழுவுவது சுகம், உடைக்கக் கஷ்டம். டபுள் அக்சன் என்பது ஒரே விரல் இரண்டு வேலை செய்வது: கீழே அமத்தினால் காற்று, பின்னுக்கு இழுத்தால் நிறம். வேலை நடுவிலேயே கோட்டின் தடிப்பை மாற்றலாம். பழகக் கொஞ்ச நாள் எடுக்கும், பழகின பிறகு திரும்பிப் போக மனம் வராது.

இன்னொரு பக்கத்தில், ஒகாயோ மாநிலத்தின் ரொலீடோ நகரத்தில் அலன் டிவில்பிஸ் என்ற தொண்டை வைத்தியர் நோயாளியின் தொண்டைக்குள் மருந்தை விசிற 1888இல் ஒரு கருவி செய்தார். அவருடைய மகன் காலத்தில் அதே யோசனை வாசனைத் திரவியப் போத்தலுக்குப் போய், பிறகு பெயின்ற் அடிக்கிற ஸ்ப்ரே கன் ஆனது. 1920களில் வேகமாகக் காயும் நைற்றோசெலுலோஸ் லேக்கர் வந்தபோது, காருக்கு நிறம் பூசிக் காயவைக்க வாரக்கணக்கில் எடுத்த வேலை மணித்தியாலக் கணக்குக்கு இறங்கியது. அந்த லேக்கரைத் தூரிகையால் பூச முடியாது, விசிறத்தான் வேணும். இன்றைக்கு எங்கட ஊர்க் கராஜில் கதவுக்கு பெயின்ற் அடிக்கிற கன் அந்த வழியில் வந்ததுதான்.

ஆளைப் படத்தில் இருந்து எடுத்தவர்கள்

எயார்பிரஷ் செய்த நல்லதும் கெட்டதும் இரண்டையும் சொல்லாமல் வரலாறு எழுதக் கூடாது.

மான் ரே நியூயோர்க்கில் விளம்பர, வரைபட வேலை செய்து பிழைத்த காலத்தில் இந்தக் கருவியைப் பழகினார். 1917, 1919 அளவில் அதையே கலைக்குக் கொண்டு வந்தார். தூரிகை கித்தானைத் தொடாமலே படம் வரைவது அவருக்குப் பிடித்திருந்தது. பார்த்த கனபேருக்கு அது ஓவியமாகவே படவில்லை. தொழிற்கருவியால் செய்த மலிவு வேலை என்றார்கள். 1930களிலும் 40களிலும் ஜோர்ஜ் பெற்றி, அல்பேர்ட்டோ வார்கஸ் ஆகியோர் எஸ்குவயர் சஞ்சிகைக்கு வரைந்த பெண்கள் இந்தக் கருவியின் இன்னொரு முகம். துளையோ சுருக்கமோ இல்லாத அந்தத் தோல் மனிதத் தோல் இல்லை, காற்றுக் குடுத்த தோல்.

ஸ்ராலின் கால சோவியத் ஒன்றியத்தில் அதே ஸ்ரூடியோத் திறமை வேறொன்றுக்குப் போனது. மொஸ்கோ-வொல்கா கால்வாய்க் கரையில் ஸ்ராலினுக்குப் பக்கத்தில் இரகசியப் பொலிஸ் தலைவர் யெஷோவ் நிற்கிற படம் பலருக்குத் தெரியும். 1940இல் யெஷோவ் சுட்டுக் கொல்லப்பட்டார். பிறகு வந்த பிரதியில் அவர் நின்ற இடத்தில் தண்ணீர் மட்டும் இருக்கிறது. இப்படி அழிக்கப்பட்ட படங்களைப் பல வருடமாகச் சேர்த்த டேவிட் கிங், 1997இல் அவற்றை ஒரு புத்தகமாக்கினார். கத்தி, பசை, மை, எயார்பிரஷ் எல்லாமே அந்த வேலைக்குப் பாவிக்கப்பட்டன. ஆனால் ஆங்கிலப் பேச்சில் ஒருவரை வரலாற்றில் இருந்து அழிப்பதற்குப் பெயராக நின்றது எயார்பிரஷ்தான். கோடு இல்லாமல் நிறம் மாற்றுகிற கருவி என்றோம் அல்லவா? வெட்டின இடத்தைக் கோடு தெரியாமல் மூடவும் அதுதான் உதவியது.

படத்தில் ஆள் இருந்த இடம் வெறுமையாவது என்ன என்று எங்கட வாசகருக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. மொடல் கட்டுவது அதற்கு எதிர்ப்பக்கத்து வேலை என்று எனக்குப் படும். இல்லாமல் போன ஒன்றை, அதன் ஊத்தையோடும் துருவோடும் மேசையில் திரும்ப நிறுத்துகிற வேலை. அதே கருவிதான், திசை வேறு.

போர் விமானமும் ஒரு மில்லிமீற்றரும்

மொடலுக்கு எயார்பிரஷ் ஏன் பொருந்துகிறது என்பதற்கு விடை எளிது: நிஜமான பொருளும் விசிறித்தான் பூசப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க்கால ஜேர்மன் மெசர்ஷ்மிற் 109 விமானத்தின் பக்கங்களில் புகை மாதிரிப் புள்ளிகள் இருக்கும். அது ஸ்ப்ரே கன்னின் வேலை. நிஜ விமானத்தில் ஒரு நிறம் இன்னொன்றில் கரைகிற எல்லை 5 சென்ரிமீற்றர் அகலம் என்று வையுங்கள். 1/48 அளவில் அது ஏறத்தாழ 1 மி.மீ. 1/72 அளவில் 0.7 மி.மீ. அந்த 0.7 மில்லிமீற்றருக்குள் ஒரு நிறம் இன்னொன்றாக மெதுவாக மாற வேண்டும். தூரிகையால் இதைச் செய்கிற கை உலகத்தில் மிகக் குறைவு. 0.3 மி.மீ முனை உள்ள எயார்பிரஷ் இருந்தால் சாதாரணக் கையும் செய்யும்.

ஆனால் தொடக்கத்தில் மொடல்காரருக்கு அந்த வசதி கிடைக்கவில்லை, தேவைப்படவும் இல்லை. 1942இல் அமெரிக்கக் கடற்படை 5 இலட்சம் விமான மொடல்களை மரத்தில் செய்து தரச் சொல்லிப் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கேட்டது. எதிரி விமானத்தை வடிவத்தால் அடையாளம் காணப் பழக்குவதற்கு. அவற்றுக்கு ஒரே நிறம், கறுப்பு. பிரித்தானியாவில் 1939இல் நிக்கலஸ் கோவ் என்ற ஹங்கேரிய அகதி தொடங்கிய எயார்பிக்ஸ் நிறுவனம் காற்று ஊதுகிற றப்பர் விளையாட்டுப் பொருட்களில் ஆரம்பித்து, 1949இல் பேர்கசன் உழவு இயந்திரத்தின் பிளாஸ்ரிக் மொடலுக்கு வந்து, 1952இல் கோல்டன் ஹைன்ட் கப்பலைப் பையில் போட்டு வூல்வேர்த் கடைகளில் விற்றது. பிள்ளைகளின் கைக்காசுக்கு எட்டுகிற விலை. அவர்களிடம் இருந்தது ஒரு தூரிகையும் சின்ன எனமல் டப்பியும்தான். யப்பானில் ஷிசுவோகா நகரத்தில் மர மொடல் செய்து வந்த தமியா 1960இல் தன் முதல் பிளாஸ்ரிக் மொடலான யமாற்றோ போர்க்கப்பலை வெளியிட்டது.

1970களில் அமெரிக்காவின் ஷெப்பர்ட் பெயின், பிறகு பெல்ஜியத்தின் பிரான்சுவா வெர்லிண்டன் போன்றவர்கள் மொடலை விளையாட்டுப் பொருளில் இருந்து காட்சியாக மாற்றினார்கள். சேறு, தூசி, புகை, துரு எல்லாம் பெயின்றுக்குள் வந்தது. பிள்ளைகள் வளர்ந்து சம்பளம் எடுக்கிற ஆட்களாகி இருந்தார்கள். எயார்பிரஷ் மொடல் மேசைக்கு வந்து சேர்ந்தது அந்த வழியால்தான்.

காற்றுக்கு யார் காசு குடுப்பது

இந்த வரலாறு முழுக்க ஒரு விஷயம் மாறவில்லை. பேனா அல்ல, காற்றுத்தான் விலை.

பீலருக்குக் கைப்பம்ப். ஸ்ரூடியோக்களுக்குக் காற்பம்ப். விளம்பர ஓவியர்கள் காபனீரொட்சைட் உருளை வாங்கி வைத்தார்கள். சத்தம் இல்லை, ஈரம் இல்லை, ஆனால் முடிந்தால் திரும்ப நிரப்பக் காசு. இலினோயில்தான் இன்னொரு வழியும் பிறந்தது. போர்க்காலத்தில் பசிபிக் தீவுகளில் நுளம்புக்கு அடிக்க அமெரிக்க விவசாயத் திணைக்களத்தைச் சேர்ந்த இருவர் அமுக்கிய வாயு டப்பி செய்திருந்தார்கள். 1949இல் சிகமோர் என்ற ஊரில் எட்வேர்ட் சீமூர் அதற்குள் பெயின்றைப் போட்டார். ஸ்ப்ரே கான் பிறந்தது. எங்கட மொடல்காரரில் கனபேருக்கு இன்றைக்கும் முதல் "எயார்பிரஷ்" அதுதான். அண்டர்கோட்டுக்கும் ஒரே நிறம் அடிக்கவும் அது போதும். ஆனால் அமுக்கத்தை மாற்ற ஏலாது, நிறத்தைக் கலக்க ஏலாது, கோடு போட ஏலாது.

இலினோயின் பட்ஜர் நிறுவனம் 250, 350 போன்ற மலிவான கருவிகளை வாயு டப்பியோடு பெட்டியாக்கி விற்றது. டப்பி வேலை நடுவில் குளிர்ந்து அமுக்கம் இறங்கும், பிறகு முடிந்து போகும். அதனால் கார் ரயரில் இருந்து காற்று எடுக்க ஒரு இணைப்பும் விற்றார்கள். மேசைக்குக் கீழே பழைய ரயரை வைத்து, பம்பால் காற்று அடித்து, ஸ்பிற்பயருக்கு நிறம் பூசிய ஒரு தலைமுறை இருந்தது. கேட்கச் சிரிப்பு வரும், ஆனால் அது நல்ல யோசனை. ரயர் ஒரு ராங்கி. ராங்கி இருந்தால் காற்றுத் துடிக்காமல் வரும்.

பிறகு இரண்டு விஷயம் நடந்தது. ஒன்று, யப்பானில் 1926இல் தொடங்கிய இவாற்றா போன்ற நிறுவனங்கள் ஊசி, முனைகளை மிகத் துல்லியமாகக் கடைந்து உலகத் தரத்தை மாற்றின. இரண்டு, பேர்டிக்கின் யோசனைக்குக் காப்புரிமை எப்போதோ காலாவதியாகிவிட்டதால் அந்த வடிவங்களைச் சீனத் தொழிற்சாலைகள் மலிவாகச் செய்யத் தொடங்கின. கூடவே, கையளவு பிஸ்ரன் கொம்பிரசரையும். முன்பு விளம்பர நிறுவனம் வைத்திருந்த வசதி, இன்றைக்கு ஒரு மாணவர் சில மாதம் சேமித்தால் எட்டுகிற இடத்துக்கு வந்தது அதனால்தான்.

அப்ப என்ன வாங்குறது?

2020இல் வந்த இறக்குமதிக் கட்டுப்பாடும், 2022இல் டொலர் ஏறத்தாழ 200 ரூபாவில் இருந்து 360 வரை போனதும் இந்தப் பொழுதுபோக்கை எப்படி அடித்தது என்பது எல்லாருக்கும் தெரியும். அதனால் இங்கே ஒருதரம் வாங்கினால் பிழைக்கக் கூடாது. என் கணக்கு இப்படி.

காசைக் கொம்பிரசரில் போடுங்கள். மலிவான பேனாவை இரண்டு வருடத்தில் மாற்றலாம், நல்ல கொம்பிரசர் அடுத்த மூன்று பேனாவுக்கும் உழைக்கும். தேட வேண்டியது: எண்ணெய் இல்லாத பிஸ்ரன் வகை, 3 லீற்றர் ராங்கி, அமுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் றெகுலேற்றர், தண்ணி பிடிக்கிற கிண்ணம், தானாக நிற்கிற சுவிட்ச். ஏ.எஸ்-186 என்ற இலக்கத்தில் பல பெயர்களில் விற்கப்படுவது இந்த வகைதான். 1/5 குதிரைவலு, அதாவது 150 வற் அளவு. நிமிடத்துக்கு 20 லீற்றரைத் தாண்டிக் காற்றுத் தரும். 3 பாருக்கு இறங்கினால் ஓடத் தொடங்கி 4 பாரில் நிற்கும். மொடலுக்கு நீங்கள் பாவிப்பது 15 முதல் 25 பி.எஸ்.ஐ, அதாவது 1 முதல் 1.7 பார் வரைதான். ராங்கி இல்லாதது கொஞ்சம் மலிவு, ஆனால் விசையை அமத்துகிற ஒவ்வொரு முறையும் ஓடும், சூடாகும், காற்றும் துடிக்கும். ரயர்க்காரர் கண்டுபிடித்த பாடத்தை மறக்கக் கூடாது.

தண்ணி பிடிக்கிற கிண்ணம் எங்கட காலநிலைக்கு அலங்காரம் இல்லை. 30 பாகை வெயிலில், 80 வீத ஈரப்பதனில், 1000 லீற்றர் காற்றுக்குள் 24 கிராம் அளவு நீராவி இருக்கும். அதை 4 பாருக்கு அமுக்கினால் ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கும். ஆறினதும் அந்தக் காற்றால் 6 கிராம் அளவுதான் தாங்க முடியும். மிச்சம் 18 கிராம் தண்ணியாக விழும். கொம்பிரசர் நிற்காமல் ஓடினால் ஒரு மணித்தியாலத்துக்குள் ஒரு மேசைக்கரண்டிக்கு மேலே. அந்தத் தண்ணி ஒரு துளி குழாயால் வந்து ஈரப் பெயின்றில் விழுந்தால் அன்றைய வேலை போச்சு. வேலை முடிய ராங்கியின் அடியில் உள்ள திருகைத் திறந்து தண்ணியை வெளியேற்ற வேணும். மாரி காலத்தில் இடைக்கிடையும்.

பழைய பிரிட்ஜ் கொம்பிரசரை எடுத்துச் செய்யலாமா என்று கேட்பவர்கள் உண்டு. செய்கிறார்கள், சத்தமே இல்லாமல் நல்லா ஓடும். ஆனால் எண்ணெய்ப் புகை காற்றோடு வரும், வடி வேணும். அமுக்கம் கூடினால் திறக்கிற பாதுகாப்பு வால்வு இல்லாமல் அதை ராங்கியில் பூட்டுவது வீட்டுக்குள் வெடிபொருள் வைப்பது மாதிரி. தெரிந்த மெக்கானிக் கூட இருந்தால் மட்டும் யோசியுங்கள். பேனாவிலேயே பூட்டுகிற சார்ஜ் கொம்பிரசர் இப்போது மலிவு. 2022இல் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்த நாட்டில் அதன் கவர்ச்சி விளங்குகிறது. சின்ன உருவங்களுக்கு, கொம்பிரசரின் சத்தம் வீட்டுக்காரருக்கு ஆகாத இடத்துக்கு, அது சரி. கை பாரம், அமுக்கத்தை நுணுக்கமாக மாற்றுவது கஷ்டம், பற்றரியும் ஒரு நாள் சாகும்.

பேனாவுக்கு: டபுள் அக்சன், மேலே கிண்ணம் உள்ளது, 0.3 மி.மீ. கிண்ணம் மேலே இருந்தால் நிறம் தன் பாரத்தாலேயே இறங்கும். குறைந்த அமுக்கமும் கொஞ்சப் பெயின்றும் போதும். கீழே போத்தல் தொங்குகிற சைபன் வகைக்கு நிறத்தை உறிஞ்சி எடுக்க வேணும், அமுக்கமும் பெயின்றும் கூடப் போகும். ஒரு கார்க் கதவுக்கு அது நல்லது, 1/72 செட்டைக்கு வீண். 0.2 மி.மீ முனை பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் அக்ரிலிக் பெயின்ற் எங்கட வெக்கைக்கு நுனியிலேயே காய்ந்து அடைக்கும். தொடக்கத்துக்கு வேண்டாம்.

கொஞ்சம் கூடக் காசு இருந்தால் இவாற்றா நியோ, ஜி.எஸ்.ஐ கிரியோஸ் பி.எஸ்-289, பட்ஜர் பேற்றியற் 105 போன்றவை நம்பி வாங்கலாம். இல்லாவிட்டால் பெயர் இல்லாத சீனப் பேனாவும் வேலை செய்யும், இரண்டு நிபந்தனையோடு. முதலாவது, உதிரி ஊசியும் முனையும் சேர்த்து வாங்குங்கள். ஊசி விழுந்தால் நுனி வளையும், சின்னத் திருகு முனையைக் கொஞ்சம் இறுக்கினால் வெடிக்கும். அந்த ஒரு துண்டு இல்லாமல் பேனா வெறும் பித்தளை. இரண்டாவது, வாங்கினதும் ஊசியை எடுத்துக் கண்ணாடியில் உருட்டிப் பாருங்கள். தள்ளாடினால் திருப்பிக் குடுங்கள்.

இன்னும் ஒரு செலவு இருக்கிறது, அதை யாரும் பட்டியலில் எழுதுவதில்லை: மூச்சு. லேக்கரும் எனமலும் தின்னரும் விசிறினால் துணி மாஸ்க் உதவாது. கரிமவாயு வடி உள்ள மாஸ்க் வேணும், யன்னலும் வெளியே இழுக்கிற விசிறியும் வேணும். தண்ணியில் கரைகிற அக்ரிலிக் என்றாலும் தூள் தூள்தான், சுவாசப்பைக்குள் போகக் கூடாது. கராஜ்களில் மாஸ்க் இல்லாமல் வருடக்கணக்காக ஸ்ப்ரே அடித்த அண்ணாமாரைக் கேட்டால் சொல்லுவினம்.

எதைக் கட்டுவது

மொடல் பெட்டிகள் எல்லாம் வெளிநாட்டுக் கதை என்று சொல்வார்கள். முழுக்கச் சரி இல்லை. 1942 ஏப்ரல் 4 அன்று கொக்கலவில் இருந்து எழும்பிய கற்றலினா விமானத்தில் கனடிய விமானி லெனாட் பேர்ச்சல்தான் தெற்கே வந்துகொண்டிருந்த யப்பானியக் கப்பற்படையைக் கண்டு செய்தி அனுப்பினார். அடுத்த நாள் கொழும்பில் குண்டு விழுந்தது, 9ஆம் திகதி திருகோணமலையில். சீனக்குடாவில் இருந்து ஹரிகேன்கள் எழும்பின. அதே நாள் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. இன்றும் அங்கேதான் கிடக்கிறது. கற்றலினா, ஹரிகேன், யப்பானிய சீரோ, ஹேர்மிஸ் எல்லாமே பெட்டியில் கிடைக்கின்றன. 1/72 ஹரிகேன் செட்டை நுனிக்கு நுனி 17 சென்ரிமீற்றர்தான். விலையும் குறைவு, பச்சையும் மண்ணிறமும் சந்திக்கிற எல்லை முதல் பாடத்துக்கு நல்லது.

பெட்டியில் இல்லாததும் இருக்கிறது. யாழ்ப்பாணத்து ஏ-40 கார், கொழும்புத் திட்டத்தில் 1950களில் கனடாவில் இருந்து வந்து இன்னும் ஓடுகிற எம்-2 ரயில் எஞ்சின், 1990இல் நின்று 2014இல் திரும்ப யாழ்ப்பாணம் வந்த யாழ்தேவியின் பெட்டிகள். எங்கட செம்மண் தூசி எந்த நிறுவனத்தின் பெயின்ற் போத்தலிலும் அந்தப் பெயரில் இல்லை. அதைக் கலந்து, மெல்லிசாக, சில்லுக்கு மேலே மட்டும் விசிறத் தெரிந்தவர் இங்கே இருந்துதான் வர வேணும்.

அதற்கு முதல் செய்ய வேண்டியது ஒன்று. பிளாஸ்ரிக் கரண்டி ஒரு பக்கற் வாங்குங்கள். மொடல்காரர் உலகம் முழுக்க நிறம் பார்த்துப் பழகுவது அதில்தான், வளைவும் இருக்கு, விலையும் இல்லை. பெயின்றைப் பால் மாதிரி இளக்கி, 15 பி.எஸ்.ஐயில் வைத்து, முதலில் காற்று, பிறகு நிறம், நிறத்தை மூடி, கடைசியாகக் காற்றை நிப்பாட்டுங்கள். முதல் பத்துக் கரண்டியும் வழியும். பதினோராவது வழியாது.